பொலிஸ்காரன் எழுதிக் கொடுத்த துண்டு

வேலியைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. இடுப்பில் கத்தி உறை, உள்ளே கத்தி இல்லை. கத்தியைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். பொலிஸ் வந்துபோன இடத்தில் கையில் கத்தியோடு நடப்பது எந்த நாட்டிலும் நல்லதல்ல. சாப்பாட்டுப் பெட்டியும் அங்கேதான், வரம்பில், நீலப் பைக்குள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிறவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தத் தோட்டங்கள் வெரிபீக்குத் தெற்கே கடலோரம் கிடப்பவை. கோலிஃப்ளவர், புரோக்கோலி, லெட்டூஸ். அங்கிருந்து வெரிபீ ஸ்டேஷனுக்கு ஒன்றரை மணி நேர நடை. பஸ் வரும் என்று ஒரு கம்பம் சொல்லும், நான் அந்தக் கம்பத்தை நம்புவதில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு காரின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நடந்தேன். வேகம் குறைந்தால் ஓடுவது, குறையாவிட்டால் நடப்பது. ஒரு கார் குறைந்தது. குதிரை ஏற்றும் வண்டிலைக் காரின் பின்னால் இழுத்துப்போகிற ஒரு வெள்ளைக்காரப் பெண். எனக்கு வழி விட்டுப் போனாள். அவளையும் சந்தேகப்பட்டேன்.

நடந்தது இதுதான். விடிய ஏழு மணிக்கு நாங்கள் ஏழு பேர் கோலிஃப்ளவர் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சாம்பல்நிறக் கார் வரம்போரம் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். சாதாரண உடுப்பு, மழைக்கான மேற்சட்டை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் ஒன்று களவு போயிருக்கிறது, யாராவது ஏதாவது கண்டீர்களா என்று கேட்க வந்தவர்கள். அதை அவர்கள் சொல்லி முடிப்பதற்கு முன்பே நாங்கள் ஏழு பேரும் வரிசையாக நின்றுவிட்டோம். வரிசையில் நில் என்று யாரும் சொல்லவில்லை. வெயிலுக்கும் மருந்துக்கும் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தோம், அதையும் யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டையை வலக்கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தோம். ஊரில் எத்தனையோ ஆமிச் சுற்றிவளைப்பில் நின்ற உடம்புகள், தாமாகவே நின்றன. அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் சப்பாத்துகளைத்தான் பார்த்தேன்.

என் பக்கத்தில் நின்றவரை நாங்கள் மெரிலேண்ட்ஸ் அண்ணை என்போம். படகில் வந்தவர், நானும் படகில் வந்தவன், வேறு வேறு படகு. சிட்னியில் மெரிலேண்ட்ஸில் ஆறு வருஷம் இறைச்சிக்கடையில் வேலை செய்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்தார், அதனால் அந்தப் பெயர். வெரிபீயில் ஒரே வீட்டில் இருந்தோம். அவருடைய தற்காலிக விசா நான்கு மாதங்களுக்கு முன் முடிந்துவிட்டது. வக்கீல் ஏதோ எழுதிப் போட்டு, பதில் வரவில்லை. கடைசி நாட்களில் அவர் வாய் வேறுமாதிரிப் பேசத் தொடங்கியிருந்தது. களைச்சுப்போனன், பேப்பரை நீட்டினால் கையெழுத்துப் போட்டிட்டு ஊருக்குப் போயிடுவன் என்பார். ஊரில் அவரைத் தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பொலிஸ்காரர் இருவரில் ஒருவன் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். மெரிலேண்ட்ஸ் அண்ணையிடம் வந்தபோது அவர் பெயரைச் சொன்னார், பிறகு அவனிடம் எதையோ திருப்பிக் கேட்டார். ஒன்றல்ல, இரண்டு மூன்று கேள்வி. ஒப்புவிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, அவருடைய ஆங்கிலத்தில். பொலிஸ்காரனிடம் கேள்வி கேட்கிறவன் ஒன்றில் பைத்தியம், அல்லது அவர்களுடைய ஆள். அந்த நிமிஷத்தில் நான் இரண்டாவதைத்தான் நினைத்தேன், அதை மறைத்து எழுத விரும்பவில்லை. பொலிஸ்காரன் சற்று நின்றுவிட்டுத் தன் கொப்பியில் நான்கு வரி எழுதி, கிழித்து, அவரிடம் கொடுத்தான்.

அதன் பிறகு அவன் காரில் இருந்துகொண்டு நெடுநேரம் போனில் கதைத்தான். திரும்பி வந்து மெரிலேண்ட்ஸ் அண்ணையை மட்டும் கூப்பிட்டான். அவர் என்னைக் கடந்து போகும்போது அந்தத் துண்டை என் உள்ளங்கைக்குள் அழுத்தினார்.

"வைச்சிரு," என்றார்.

அவரை ஏற்றிக்கொண்டு கார் போனது. எங்களில் லொறி ஓடிய ஒருவர் இருந்தார், ஊரில் பெரிய லொறி வைத்திருந்தவர், இங்கே எங்களோடு கோலிஃப்ளவர் வெட்டினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய பழக்கம்.

"என்ன துண்டு அது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை ஏன் பொத்திப் பிடிக்கிறாய்?"

மற்றவர்களும் என் கையைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒருவனுடைய சட்டைப்பையில் ஆமிக்காரன் எழுதிய துண்டு இருந்தது. முகாமில் சைக்கிளைத் திருப்பி எடுப்பதற்கான துண்டு, வேறொன்றுமில்லை. அடுத்த நாள் அவனை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள், கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை தொங்கியது. ஆமியின் கையெழுத்துள்ள காகிதம் உன்னிடம் இருந்தால் இயக்கம் கொல்லும், இயக்கத்தின் கையெழுத்துள்ளது இருந்தால் ஆமி. காகிதம் இல்லாதவனுக்குத்தான் அங்கே கொஞ்சம் உயிர் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இதுதான் ஒழுங்காகப் பாடமான பாடம்.

தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் பாத்திக்கு நடுவே நீளமாகக் கிடக்கும், இடைக்கிடை நிமிர்ந்து நிற்கும் தெளிப்பான்களோடு. வரம்பிலிருந்து மூன்றாவது தெளிப்பானடிக்குப் போய், சப்பாத்துக்குள் சேறு போனதுபோல் கழற்றித் தட்டினேன். துண்டை நான்காகக் கிழித்துச் சேற்றுக்குள் வைத்துக் குதிகாலால் அழுத்தினேன். வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்தால் அதுவும் தலைக்குள் ஒரு காகிதமாக இருக்கும். பிறகு வேலி, பிறகு ரோடு.

வெரிபீயில் ரயில் ஏறினேன். டிக்கெட் பரிசோதிக்கிறவர்கள் இருவர் என் பெட்டிக்குள் வந்தார்கள். கார்டைக் காட்டினேன். அதிலே காசு இருந்தது, ஆனாலும் அவர்கள் போகும்வரை அதை உள்ளே வைக்கவில்லை. ஒருவன் என் சப்பாத்துச் சேற்றைப் பார்த்துவிட்டுப் போனான்.

மெரிலேண்ட்ஸ் அண்ணையின் அக்கா ரோவிலில் இருக்கிறார், நகரத்தின் மறுபக்கம். அவருக்குச் சொல்லத்தான் போனேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். வெரிபீ வீட்டுக்குத் திரும்பப் பயம் என்பதும் உண்மை. லொறிக்காரரும் அதே வீடு. ரோவிலுக்கு ரயில் இல்லை, பாதி வழியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அக்கா வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் மெரிலேண்ட்ஸ் அண்ணையோடு. அக்கா முன்பு அகதியாக வந்தவர், இப்போது பிரஜை. முதியோர் இல்லமொன்றில் தாதி. கணவர் எஞ்சினியர், நாங்கள் அத்தான் என்போம், வீட்டிலிருந்தே வேலை.

கதவைத் திறந்து என்னைத் தனியாகக் கண்டதும் அக்காவுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை. சப்பாத்தை வெளியே கழற்றச் சொல்லிக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.

"ஆர் கொண்டு போனது?"

"தெரியாது அக்கா."

"எந்த ஸ்டேஷன்?"

அதுவும் தெரியாது என்றேன். அவர் அதிகம் கேட்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். வக்கீல் சென்னைப் பக்கத்துப் பெண், வேகமாகப் பேசுகிறவர். பிடித்தது போலீஸா, இமிகிரேஷனா என்று கேட்டார். பம்ப் களவு விசாரிக்க வந்தவர்கள் என்றேன். அப்படியென்றால் போலீஸ்தான், இங்கே மாநிலப் போலீஸும் விசா இல்லாதவரைப் பிடித்து இமிகிரேஷனிடம் கொடுக்கலாம் என்றார். பிடித்த ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு மண்ணிறச் சப்பாத்து, லேஸ் இல்லாதது, வலது குதியில் தேய்மானம். மற்றவருக்குக் கறுப்பு.

அக்கா போனை என் பக்கமாக நகர்த்தினார்.

"ஷூவை வச்சு நான் யாரைங்க தேடுறது?" என்றார் வக்கீல்.

இமிகிரேஷனைக் கேட்டால் சொல்வார்கள், ஆனால் இரண்டு மூன்று நாளாகும் என்று விளக்கினார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூப்பிட்டால் யார் நீ என்பார்கள். பிடித்த ஆளின் பெயரும் இடமும் இருந்தால் ஒரே போனில் முடியும். அதற்குள் அவர் முன்னால் ஒரு காகிதம் வைப்பார்கள், சொந்த விருப்பத்தோடு திரும்பிப் போகிறேன் என்று.

"அதுல அவர் சைன் பண்ணிட்டா என்னால ஒண்ணும் முடியாது. அதுக்கு முன்னாடி என் குரல் அவர் காதுல விழணும். அவ்வளவுதான் விஷயம்."

வைக்கும் முன் வக்கீல் ஒன்று சொன்னார், அதை எனக்காகச் சொன்னாரா என்று இன்றும் சந்தேகம். விக்டோரியாவில் போலீஸ் உங்கள் பெயரைக் கேட்டால் நீங்களும் கேட்கலாம். பெயர், பதவி, எந்த ஸ்டேஷன். எழுதித் தா என்றால் எழுதியும் தர வேண்டும், பொய் சொல்லக் கூடாது. மாநிலச் சட்டம். அது பிடிபட்டவருக்குத் தெரியுமே, ஏன் கேட்கவில்லை என்றார்.

அக்கா எழுந்து குளிர்ப்பெட்டிக் கதவைக் காட்டினார். காந்தத்தின் கீழே வக்கீல் அலுவலகம் தமிழில் அச்சடித்த மட்டை ஒன்று. எழுந்து போய் வாசித்தேன். கேள்வி மூன்றும் இருந்தன. கடைசி வரி, எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

"உந்தக் கதிரையிலை இருத்தி மூண்டையும் பாடமாக்க வைச்சனான்," என்றார் அக்கா. "எங்கடை மூத்த சகோதரனை ஊரிலை வாகனத்திலை ஏத்திக்கொண்டு போனவங்கள். ஆர் எண்டு தெரியாமல் எத்தினை முகாம் ஏறி இறங்கினனாங்கள். பேர் ஒண்டு இருந்தால் ஒரு வாசலிலை போய் நிண்டிருக்கலாம். அதாலைதான் இவனுக்குச் சொல்லிக் குடுத்தனான். இவன் கேக்காமல் விட்டிருப்பான் எண்டு நான் நம்பேல்லை."

அந்த மட்டையைப் பார்த்தபடி நான் இருந்தேன். காலையில் அண்ணை நிறுத்தி நிறுத்திக் கேட்டது எனக்கு இப்போதுதான் புரிந்தது. பொலிஸ்காரன் எழுதியது என்ன என்பதும். வாயைத் திறக்காமல் பஸ் ஏறிப் போயிருக்கலாம், அடுத்த ஊரில் வேறு தோட்டம் இருக்கும். எத்தனையோ இடத்திலிருந்து நான் அப்படிப் போயிருக்கிறேன்.

"கேட்டவர் அக்கா," என்றேன். "அவன் எழுதியும் குடுத்தவன். அண்ணை அதை என்னட்டைத் தந்திட்டுப் போனவர்."

"எங்கை?"

"தாட்டுப்போட்டன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரிக்கு அதைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் கேட்காததனால் நம்பிவிட்டார் என்றும் இல்லை. அத்தான் வாசலில் நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், மெதுவாக, எனக்கு விளங்காது என்று நினைத்து. எனக்கு ஒரு சொல் விளங்கியது. காட்டிக்கொடுக்கிறவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். பொலிஸ்காரன் எழுதிய துண்டு என் கைக்கு வந்தது, அண்ணையைப் பிடித்துப்போனார்கள், என்னைப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அத்தான் சொன்னதில் பிழை இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் அதைத் தோண்டி எடுத்துத் தந்தால் நம்புறன்."

உடனே போகலாம் என்றேன். அவர் மணியைப் பார்த்தார். குளிர்காலம், ஐந்தரைக்கு இருட்டிவிடும். பம்ப் களவு போன தோட்டத்துக்குள் இருட்டில் டோர்ச்சோடு போய் மண்ணைக் கிண்டினால் தம்பியை அடைத்த இடத்துக்கே நாமும் போய்ச் சேரலாம் என்றார். சரிதான். அன்றைக்குக் கராஜில் பாய் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்குள் போகும் கதவை உள்ளேயிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. அதில் எனக்குக் குறை இல்லை. நானும் பூட்டியிருப்பேன்.

படுத்திருந்து அந்தச் சட்டத்தைப் பற்றி யோசித்தேன். சட்டம் இருக்கிறது, பொலிஸ்காரன் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் கேட்டால்தான். கேட்க வேண்டியவன் யார் என்றால் வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். எழுதினவர்கள் எங்களைப்போல் ஒருவனையும் நேரில் கண்டிருக்கமாட்டார்கள். அந்த ஆள் உண்மையான பெயரைத்தான் எழுதினானா என்றும் யோசித்தேன். கட்டாயப்படுத்தினால் யாரும் ஒரு பெயர் எழுதலாம். நான்கே வரி, ஏதாவது நான்கு வரி.

விடிய ஐந்து மணிக்கு அக்கா என்னைக் காரில் ஏற்றினார். வெரிபீ தெற்குக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்து வாசலில் கொன்ட்ராக்டர் போனும் கையுமாக நின்றான். வெட்டுக்கு ஆள் வேண்டாம், அந்தக் காணியில் நேற்றே வெட்டு முடிந்தது, எட்டு மணிக்கு டிராக்டர் வந்து தண்டுகளை உழுது மண்ணுக்குள் போடப் போகிறது என்றான். நேற்று நீ சொல்லாமல் போனவன் என்றும் சொன்னான். உள்ளே விடு, ஒரு பொருளை விட்டுவிட்டேன் என்றேன். களவுக்குப் பிறகு வேலைக்காரனைத் தவிர யாரையும் முதலாளி உள்ளே விடவேண்டாம் என்றிருக்கிறார் என்றான்.

வேலை என்ன இருக்கிறது என்று கேட்டேன். டிராக்டருக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி வரம்புக்குத் தூக்கிப்போடுகிற வேலை. இரண்டு பேர் செய்கிறது, ஒருவன் வரவில்லை, மற்றவர் லொறிக்காரர். ஈரக் குழாய், விறைப்பில் கை ஒட்டும். யாரும் விரும்பி எடுக்கிற வேலையல்ல. எடுக்கிறேன் என்றேன். எந்தப் பக்கம் தொடங்குவது என்று மட்டும் நான்தான் சொல்வேன் என்றேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், ஆனால் எட்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தெளிப்பானடியில் முழங்காலில் இருந்து கையால் கிண்டினேன். நேற்றுப் போட்ட கத்தி கிடந்தது, அதையும் எடுத்துக் கிண்டினேன். முதல் துண்டு உடனே வந்தது. இரண்டாவது ஒரு கோலிஃப்ளவர் இலையில் ஒட்டியிருந்தது. மூன்றாவதற்கு அரை மணி நேரம். நான்காவது வரவேயில்லை, யாருடைய சப்பாத்தோடோ போயிருக்க வேண்டும். பால்பொயின்ட் பேனா மை, கரையவில்லை. வேலிக்கு ஓடிப் போய், மூன்றையும் உள்ளங்கையில் பொருத்திப் பிடித்தேன். வேலிக்கு வெளியே நின்ற அக்கா குனிந்து வாசித்தார். பெயரின் முன்பாதி இல்லை. பின்பாதி இருந்தது, பதவி இருந்தது, ஸ்டேஷன் முழுதாக இருந்தது. போனில் படம் எடுத்தார். படம் எடுக்கும்போது அவர் கை என் விரல்களைத் தாங்கிப் பிடித்தது, எடுத்து முடிந்ததும் விட்டுவிட்டது.

கொன்ட்ராக்டர் கத்தினான். நான் திரும்பிப் போய் முதற் குழாயைக் கழற்றினேன். லொறிக்காரர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், குழாயில் கை வைக்கவில்லை. தனியாக இழுத்தேன். அலுமினியம்தான், ஆனால் உள்ளே தண்ணீர் நின்றால் கனக்கும். ஒரு முனையை உயர்த்தித் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு நடுவில் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். டிராக்டர் வாசலில் வந்து நின்று இரைந்தது.

ஐந்தாவது குழாயில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா காரிலிருந்து பேசினார்.

"அப்பிடி ஒரு ஆள் அந்த ஸ்டேஷனிலை உண்மையா இருக்கிறான். தம்பியை எங்கை குடுத்தவன் எண்டும் சொல்லிப்போட்டான். வக்கீல் தம்பியோடை கதைச்சிட்டா."

"கையெழுத்து?"

"பேனை கையிலை இருந்ததாம். போடேல்லை."

அவ்வளவு சொல்லிவிட்டு வைத்தார். கார் ரோட்டில் திரும்புவது தெரிந்தது. என்னைத் திரும்பக் கூட்டிப்போக அவர் நிற்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எழுதிய பெயர் உண்மையான பெயர் என்பதைத்தான் நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

லொறிக்காரர் வந்து ஆறாவது குழாயின் மற்ற முனையில் குனிந்தார்.

"இன்னும் ஏதும் தாட்டு வைச்சிருக்கிறியோ?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் மிதிக்கிற இடத்தையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தூக்கினார். தண்ணீரை அவர் பக்கமாக ஓடவிட்டேன். இன்னும் ஆறு குழாய் இருந்தது, பின்னால் டிராக்டர் உழத் தொடங்கியது.